போனில் வராத வாசம்

எங்கள் வீட்டில் டயர் நாற்றம் அடிக்கும் என்பார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் வெளியாட்கள். விராலிமலை ஹைவே ஓரத்தில் முன்பக்கம் என் வீட்டுக்காரர் விக்ரமின் டயர் கடை, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறை. வந்து போகிற சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே காபி குடிப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் அடித்திருக்கலாம், நினைவில்லை. அக்கா மகள் சுடர்விழி நாலு வயதில் எங்களிடம் வந்தபோது, "சித்தி, ஒங்க வீடு நாறுது" என்று அழுதாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் அந்த நாற்றம் இல்லாமல் போனது. ஒரு வீட்டின் வாசனை ஒருவருக்குத் தெரியாமல் போய்விட்டால், அவர் அந்த வீட்டு ஆள் ஆகிவிட்டார் என்று அர்த்தம். நான் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கை இந்த மே மாதம் சேரன் மாமா வந்து கலைத்தார்.

சேரன் மாமா என் அக்கா பொற்கொடியின் புருஷன். நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கத்தாரில் வேலை. ஷாப்பிங் மால்களில் நல்ல வாசனை வர வைப்பதுதான் அவர் பார்த்த வேலை. சுவரில் உயரமாக ஒரு மெஷினை மாட்டி, அதற்குள் ஸ்ப்ரே டப்பாவை வைத்தால் அது தானாகவே விட்டு விட்டு அடித்துக்கொண்டிருக்குமாம். வாசலில் எந்த வாசனை, கழிப்பறைப் பக்கம் எது, பணக்காரர்கள் நடமாடும் பக்கம் எது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதலில் கெட்டதை எடுக்க வேண்டும், அப்புறம்தான் நல்லதை வைக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றை அடித்தால் குமட்டும் என்று எங்களுக்கே வகுப்பெடுப்பார். ஊரான் கட்டடத்தை எல்லாம் மணக்க வைக்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பக்கம் எப்போது வருவீர்கள் என்று அக்கா இருந்த காலத்தில் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்தில் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. மாமா வந்து முகம் பார்க்கட்டும் என்று ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட் கைக்கு வர வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனது. இரண்டு நாள் பார்த்துவிட்டு எடுத்துவிட்டோம். மாமாவின் அண்ணன் மலையாண்டி போனைத் தூக்கிப் பிடிக்க, மாமா அங்கே ஒரு இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தபடி வீடியோ காலில் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா என்ன. பெண்டாட்டியை வழியனுப்ப வராத மனுஷன் என்ற எண்ணம் எனக்குள் அப்படியே கிடந்தது.

எடுப்பதற்கு முன்னாலேயே, பிள்ளை பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்ல, விக்ரம் சுடரை வண்டியில் வைத்து விராலிமலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் என் பிள்ளை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன். மாமா லீவில் வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் மடியில் உட்கார்ந்து அவளும் ஐஸ்கிரீம் சாப்பிடுவாள். அதோடு சரி என்று நினைத்திருந்தேன். இந்த மே மாதம் வேலையை விட்டுவிட்டு மொத்தமாக வந்து நின்றார். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தாயிற்று, இனி என் மகளோடு இருக்கப்போகிறேன் என்றார்.

பெற்றவர் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொந்தத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளை அந்த வீட்டில் தங்கிவிட்டால் ஜூன் மாதம் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. தங்கவில்லை என்றால் என்னிடமே வளர்வது, மாமா மறுபடி கத்தாருக்குப் போவது. மலையாண்டி அதற்கும் ஒரு ஏஜென்டைப் பிடித்து விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

முதல் தடவை விக்ரம் கூட்டிப்போனார். பிள்ளை வாசல் வரை சிரித்துக்கொண்டே போய், நிலைப்படியில் காலை வைத்ததும் வாந்தி எடுத்தாளாம். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இரண்டாவது தடவை மாமாவே பைக்கில் கூட்டிப்போனார். அதற்குள் வௌவால் எச்சத்தைச் சுரண்டி, வெள்ளையடித்து, ஃபினாயில் போட்டுக் கழுவி, மெஷினையும் மாட்டியிருந்தார். அன்றைக்குப் பிள்ளை நிலைப்படிக்கே போகவில்லை. பாதி வழியில் நின்று, சிறுநீர் கழித்துவிட்டாள். திரும்பி வந்த பிறகு என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வீடு பூட்டிக் கிடந்த வீச்சம் இன்னும் போகவில்லை, இன்னும் நன்றாக மணக்க வைக்கிறேன் என்றார் மாமா. செத்தவள் வீட்டுக்குள் இருக்கிறாள், பிள்ளையை மிரட்டுகிறாள் என்று மலையாண்டி ஒரு பூசாரியைக் கூட்டிவந்து கயிறு கட்டினார். என் அக்காவைப் பேய் என்று சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும், வந்தது. நன்றாகத் திட்டிவிட்டேன். விக்ரமிடம் அந்த வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றார். டயர் கடையிலேயே கிடக்கிற அவருக்கு மூக்கு இருப்பதே கண்ணாடி மாட்டத்தான்.

மூன்றாவது தடவை என்னைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் ஏஜென்டுக்கு அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சித்தி கூட இருந்தால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும் என்று மாமா என்னிடம் கெஞ்சினார். கீரனூரில் பஸ் மாறி உட்கார்ந்தபோது சுடர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பிள்ளை வாந்தி எடுக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. எடுக்காமல் இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

மாமா கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். புதுச் சட்டை, சவரம் செய்த முகம். கேட்டிலிருந்து வாசலுக்கு நாலு எட்டு வைத்தால் போதும். இரண்டாவது எட்டில் அந்த வாசம் வந்தது.

மல்லிகை. கொடியில் பூக்கிற மல்லிகை இல்லை, டப்பாவில் அடைத்த மல்லிகை. நின்றுவிட்டேன். அதே நேரத்தில் உள்ளே கூடத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. பிள்ளையின் கை என் கைக்குள் விறைத்துக்கொண்டது.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் வெயில் கொளுத்தியது. மதியம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்து சேர நேரமாகிவிட்டது. அதற்குள் கூடத்தில் உட்கார முடியாமல் போனது, பிள்ளை முதல் தடவை வாந்தி எடுத்த வௌவால் வீச்சத்தைப் போல ஒரு வீச்சம். யாரோ கீரனூருக்கு ஓடி ஒரு பை நிறைய ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்தார்கள். எல்லாமே மல்லிகைதான். துக்கம் கேட்க ஆள் வரும்போதெல்லாம் பெட்டியைச் சுற்றி ஒருத்தி புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொண்டே இருந்தாள். ஆண்கள் எல்லாம் வெளியே பந்தலில் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. நான் உள்ளே இருந்தேன். என் மடியில் சுடர் இருந்தாள்.

மாமா சிரித்த முகத்தோடு, உள்ளே வந்து பாருங்கள், சும்மா கும்மென்று இருக்கிறது என்றார். பொற்கொடி எப்போதும் மல்லிகைதான் வைப்பாள், அதனால் அதையே தேடி வாங்கினேன் என்றார். போனில் பேசும்போது இன்றைக்குத் தலை நிறைய மல்லிகை வைத்திருக்கிறேன் என்று அவள் சொல்வாளாம். பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வரட்டும் என்றுதான் செய்தாராம். அவர் சொல்லச் சொல்ல நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமாவுக்குப் புரிந்துவிடும். மெஷினைக் கழற்றிவிடுவார். நாலு நாளில் வாசம் போய்விடும், பிள்ளையும் படி ஏறிவிடுவாள். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றால் பிள்ளை எனக்கு. நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். நான் சும்மா நின்றேன்.

மாமா குனிந்து மகளைக் கூப்பிட்டார். பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன் என்றார், சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். அவள் என் சேலைக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். உண்மையாகவே மூச்சு விடாமல் இருக்கப் பார்த்தாள். உள்ளே மறுபடியும் புஸ். பிள்ளை துள்ளி விழுந்தாள். பக்கத்து வீட்டுப் படியில் நின்ற மலையாண்டி உச்சுக்கொட்டிவிட்டுப் போனை எடுத்தார். ஏஜென்டுக்குத்தான் அடிக்கிறார் என்று புரிந்தது.

மாமா எழுந்து நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"விடு சத்யா. வீட்டுல ஒண்ணும் இல்ல. அவளுக்கு ஒன்ன விட்டு வர மனசில்ல. பெத்ததோட சரின்னு இருந்தவன் இன்னைக்கு வந்து அப்பான்னு நின்னா யாருக்குத்தான் பிடிக்கும். நான் போயிடுறேன். மாசாமாசம் அனுப்பிடுறேன், நீயே பாத்துக்க" என்றார்.

நான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்த வார்த்தைகள் அவை. ஒன்று விடாமல் அப்படியே வந்துவிட்டன. சரிங்க மாமா என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்போது சுடர் என் சேலையை இழுத்தாள். குனிந்தேன். என் காதுக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி, பெட்டி உள்ளதான இருக்கு?"

எந்தப் பெட்டி என்று கேட்டேன்.

"அம்மா பெட்டி. அப்பா வந்தாத்தான் தொறப்பாங்கன்னு சொன்னாங்கல்ல. அப்பாதான் வந்துருச்சே. இன்னைக்குத் தொறந்துருவாங்களா?"

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் பிள்ளை கேட்கும்போதெல்லாம் கூடத்திலிருந்த பெண்கள் அதைத்தான் சொன்னார்கள். அப்பா வரட்டும், வந்ததும் திறப்போம். அது பொய்யும் இல்லை, முகம் பார்ப்பதற்காக வைத்திருந்த பெட்டிதானே. ஆனால் திறப்பதற்கு முன்னாலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். பெட்டி வீட்டை விட்டுப் போனதை அவள் பார்க்கவே இல்லை. நாலு வருஷமாக அவளைப் பொறுத்தவரை அவள் அம்மா இந்தக் கூடத்தில், அந்தக் கண்ணாடி மூடிக்குள், அப்பா வருவதற்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறாள். வாசனை வேறு அப்படியே இருக்கிறது. உள்ளே இல்லாமல் எங்கே போயிருக்கும்?

இதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா நிற்பது? என்னிடமே வளர்ந்தாலும், பெட்டிக்குள் அம்மாவை வைத்துக்கொண்டுதானே வளர்வாள்.

எழுந்து மாமாவிடம் போனேன். முதலில் அந்த மெஷினைக் கழற்றுங்கள் என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனதை, டப்பா வாங்கிவந்ததை, மகள் இப்போது கேட்டதை. மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நாலு வருஷக் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது.

"ஒங்களுக்காகத்தான் மாமா வச்சிருந்தோம். நீங்க வருவீங்க வருவீங்கன்னுதான் அத அடிச்சுக்கிட்டே இருந்தோம்" என்றேன்.

அவர் திறந்திருந்த வாசலைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "போன்ல எல்லாம் தெரிஞ்சுச்சு சத்யா. அவ முகம் தெரிஞ்சுச்சு. நீ அழுதது தெரிஞ்சுச்சு. வாசம் வரலையே."

அவர் உள்ளே போனார். மெஷின் சுவரிலிருந்து பிய்ந்து வரும் சத்தம் கேட்டது. அதை வெளியே கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார். மலையாண்டி போனைக் காதில் வைத்தபடியே என்ன ஆச்சு என்றார்.

பிறகு மாமா மகளிடம் வந்து, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார். இந்தத் தடவை பொம்மை, சைக்கிள் என்று ஒன்றும் சொல்லவில்லை.

"அது வாடகைப் பெட்டிடா. அன்னைக்கே வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா வரல. அப்பா வாரதுக்குள்ள அம்மாவ எடுத்துட்டாங்க. அம்மா உள்ள இல்ல. நீ நம்ப வேணாம். அப்பா எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போடுறேன், நீயே இங்கிட்டு நின்னு பாத்துக்க" என்றார்.

செய்தார். முதலில் புதுத் திரைச்சீலைகள், அப்புறம் சோபா, டீப்பாய், மெத்தை. மலையாண்டியையும் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். பீரோவை வாசல் வரை நகர்த்தி, இரண்டு கதவையும் திறந்து, உள்ளே சேலைகள் மட்டும்தான் இருக்கின்றன என்று காட்டினார். பிரிட்ஜையும் இழுத்து வந்தார்கள். அதன் கதவைத் திறந்தபோது சுடர் என் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உள்ளே பால் பாக்கெட்டும் தக்காளியும் இருந்தன. அவள் பிடி கொஞ்சம் தளர்ந்தது. மாடி அறை என்று கைகாட்டினாள். அதையும் திறந்து, அங்கே கிடந்த பழைய பாய்களையும் கொண்டுவந்து போட்டார். முற்றம் முழுக்கச் சாமான். வீடு காலி பண்ணுகிறார்களோ என்று தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கூடம் வெறுமையானதும் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மாமா தேய்த்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நானும் துடைப்பத்தை எடுத்தேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பொற்கொடி இருந்தபோது இந்த வீடு எப்படி மணக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கல்யாணமாகி மொத்தம் சேர்த்தால் அவர் இந்த வீட்டில் சில மாதங்கள்தான் இருந்திருப்பார், அவருக்கு எப்படித் தெரியும்?

"மணக்கவெல்லாம் இல்ல. எப்பப் பாத்தாலும் பால் தீஞ்ச நாத்தம்தான். அடுப்புல பால வச்சுட்டு ஒங்ககூடப் போன் பேச ஒக்காந்துரும் அக்கா. ஒரு நாள் ஒழுங்காக் காய்ச்சி நான் பாத்ததில்ல" என்றேன்.

மாமா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். அய்யோ பாலு என்று சொல்லிவிட்டுத்தான் அவள் எப்போதும் போனை வைப்பாள் என்றார். என்னிடம் சொல்வதைப் போல இல்லை அது.

கூடம் காய்ந்துகொண்டிருந்தது. சுடர் நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றுவிட்டாள். உள்ளே எட்டிப் பார்க்கிறாள், ஒவ்வொரு மூலையாகக் கண்ணை ஓட்டுகிறாள், காலை மட்டும் வைக்கவில்லை. வாசல் பக்கம் இன்னும் லேசாக மல்லிகை இருந்தது. மாமா அவளை வா என்று கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவாளோ என்ற பயத்தில் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

எல்லாருக்கும் டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குப் போனேன். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். எந்த யோசனையும் இல்லாமல் செய்த வேலைதான். பால் ஓரங்களில் நுரை கட்டி மேலே ஏறியபோது கை தானாக அடுப்புக் குமிழைப் பிடித்தது. பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

திருகினால் டீ. திருகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் சுடர், காலையில் என் தலையணையில் முகம் வைத்து எழுந்தவள், ரிப்பன் கட்ட என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறவள். அவள் போய்விடுவாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பெல்லாம் ஓடி, தீயில் விழுந்து, சுரீரென்று கருகியது. புகை எழும்பிக் கூடத்துக்குப் போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஈரத் தரையில் சின்னப் பாதம் சப் சப்பென்று வைத்து வரும் சத்தம் கேட்டது. கூடத்தைத் தாண்டி, நேராக அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள் சுடர். இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"என்ன சித்தி, அம்மா மாதிரியே தீய விடுற" என்றாள்.

எட்டி அடுப்பை அணைத்தாள். துணி எங்கே என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் சொல்வதற்குள் ஜன்னல் கம்பியில் தொங்கியதை அவளே எடுத்தாள். அடுப்பைத் துடைத்தபடி சொன்னாள், "அப்பா போன் பண்ணுச்சுன்னா அம்மாவுக்குப் பாலே ஞாபகம் இருக்காது. நான்தான் போயிச் சொல்லணும்."

நாலு வருஷத்தில் உயிரோடு இருந்த அம்மாவைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. கூடத்தில் மாமா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் வராமல் அழுதார். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கையில் துணியோடு அவரிடம் போய், ஈரத்துல ஒக்காராதப்பா என்று அதட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வேர்வையில் நனைந்த அவர் தோளில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சித்தப்பா மாதிரி நாறுற என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே சாய்ந்துகொண்டாள். வாசலில் மலையாண்டி ஏஜென்டிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பினேன். சுடர் கேட் வரை வந்தாள். நாளைக்கு வரும்போது என் ரிப்பன், கணக்கு நோட்டு, நீலக் கவுன் எல்லாம் எடுத்துட்டு வா என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். வீடு நாளைக்கு எப்படி இருக்க வேண்டும், வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் அடிக்காதீர்கள், பாலை மட்டும் ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொள்ளாதீர்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் இல்லாமல் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து வருவது கஷ்டமாக இருந்தது.

விராலிமலையில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். விக்ரம் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் தனியாக வருவதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிள்ளை தங்கிவிட்டாள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

கடையைத் தாண்டி வீட்டுக்குள் காலை வைத்தேன். குப்பென்று டயர் நாற்றம் மூக்கில் ஏறியது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புது லோடு ஏதும் இறக்கினீர்களா என்று அங்கிருந்தபடியே கேட்டேன்.

இல்லையே, எப்பவும் போலத்தான் என்றார் விக்ரம்.